திட்டு வாங்கப் பழக்கிய திருவாளர் ரத்தினம்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரக் கிரிக்கெட் நடுவர் குழுவை நிறுவிய நெஞ்சுறுதியாளரும், வெயிலில் வெந்தாலும் வெள்ளைக் கோட்டைக் கழற்றாத வித்தகரும், தொழிற்சாலையின் டைம் ஆபீசில் அமர்ந்து, தாமதமாய் வந்தவர் தலையெழுத்தைச் சிவப்பு மையால் எழுதிய தாட்சண்யமற்ற தங்கமும், மட்டை பிடிக்காமலே மட்டையாளர்களை மண்டியிட வைத்த மாமணியுமாகிய வடக்குப்பட்டு ஞா. ரத்தினம் அவர்களின் பணிநிறைவை முன்னிட்டு, அவரிடம் திட்டு வாங்கியும், அவரால் பிறரிடம் திட்டு வாங்கவைக்கப்பட்டும் தேறிய நடுவர்கள் நாங்கள், இம்மடலை அவையோர் முன்னிலையில் அன்போடும் சற்றே அச்சத்தோடும் வாசிக்கிறோம்.

மடல் என்றால் ‘தாங்கள்’ என்று முகம் பார்த்துச் சொல்வதுதான் முறை. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் நடுவர் ஆட்டக்காரனிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது, சொல்ல வேண்டியதை அவனுடைய கேப்டனிடம் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். முகத்தைப் பார்த்துப் பேசினால் ஒன்று மனசு இளகிவிடும், இல்லாவிட்டால் கை நீண்டுவிடும் என்பார். ஆகவே அவரை மாலையோடு மேடையில் உட்கார வைத்துவிட்டு, அவர் கதையை உங்களிடம் சொல்கிறோம். அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

எண்பதாம் ஆண்டுக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் ஆட்டம் நடந்த அழகை இங்கே பலர் வசதியாக மறந்திருப்பீர்கள். மட்டை பிடிக்கும் அணியிலிருந்தே இரண்டு பேர் நடுவராக நிற்பார்கள். அடுத்து ஆட வேண்டியவன் காலில் பேடைக் கட்டிக்கொண்டு, இவன் எப்போது அவுட்டாவான் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே, வெளியே அவனுக்கு நாட் அவுட் சொல்லிக்கொண்டிருப்பான். ஸ்டம்புக்கு நேராக வந்த பந்து காலில் படும். எதிரணி மொத்தமும் தொண்டை கிழிய அவுட் கேட்கும். நடுவரோ வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்கிறவரைப் போலக் கோபுரம் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். காலில் பட்டதற்குக் கொடுக்கிற அந்த எல்.பி.டபிள்யூ அவுட் என்பது ரேடியோ வர்ணனையில் மட்டும் நடக்கிற சங்கதி என்றே இங்கே ஒரு தலைமுறை நம்பியது. பொழுது சாய்வதற்குள் ஸ்டம்புகள் மூன்றும் பிடுங்கப்பட்டு, ஆளுக்கொன்றாகக் கையில் வந்துவிடும்.

அப்படியொரு ஞாயிறன்று மாதா கோவிலில் பூசை முடிந்து மனைவி ஞானம்மாவோடு ஏரிக்கரை வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ரத்தினம், அந்த யுத்தத்தைப் பார்த்து நின்றுவிட்டார். கிரிக்கெட் அவருக்குத் தெரியாது. ஆனால் தாமதமாக வந்தவனைச் சரியான நேரத்துக்கு வந்ததாக எழுதினால் எப்படி வயிறு எரியுமோ, அப்படி எரிந்தது. பட்டணத்துப் பழைய புத்தகக் கடையில் விதிப் புத்தகம் வாங்கிவந்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் பாராயணம் செய்தார். தை பிறந்ததும் ஆள் தேட ஆரம்பித்தார்.

அவர் ஆள் பிடித்த விதமே தனி. கிரிக்கெட் தெரிந்தவர்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“ஆட்டம் தெரிஞ்சவன் ஊர் பூரா கீறான். திட்டினா தாங்கறவன்தான் ஆப்டமாட்டேன்றான்” என்பார்.

அப்படித்தான் அட்டையே இல்லாமல் போய் ரேஷன் கடை வரிசையில் நின்றார். மண்ணெண்ணெய் தீர்ந்துபோன நாள் அது. வரிசை முழுவதும் விற்பனையாளர் மரகதத்தின் குலம் கோத்திரத்தையெல்லாம் இழுத்துத் தெருவில் போட்டுக்கொண்டிருந்தது. மரகதம் நிமிர்ந்தும் பார்க்காமல், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். ரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பொன் விளைந்த நிலத்தைக் கண்ட மாதிரி அங்கேயே நின்று, கூட்டம் கலைந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

“ஐயா, எனக்கு அந்தப் பந்தாட்டமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க” என்றார் மரகதம்.

“அது ரெண்டு மாசத்துல வந்துடும்மா. அந்த மொகம் கீதே, அது பொறப்புலயே வரணும்.”

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் தனியார் பேருந்தில் நடத்துனராயிருந்த ராஜாமணியையும் இப்படித்தான் கண்டெடுத்தார். சில்லறை இல்லை என்று சொன்னதற்காக ஒரு பேருந்தே சேர்ந்து ராஜாமணியைத் திட்டியது. அவரோ, “உள்ள போங்க, உள்ள போங்க” என்று அதே குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். ரத்தினம் தாம் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, கடைசி நிறுத்தம்வரை அந்தக் குரலை ரசித்துக்கொண்டே போனார்.

ஆள் சேர்ந்ததும் பயிற்சி. வட்டாரத்தில் மட்டுமல்ல, வேறெங்கும் இப்படியொரு பயிற்சி இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஏரி மைதானத்து வேலமரத்தடியில் வெள்ளைக் கோட்டோடு நடுவரை நிற்க வைப்பார். கோட்டின் ஒரு பையில் ஆறு புளியங்கொட்டை. பந்துக்கு ஒன்றாக அடுத்த பைக்கு மாற்ற வேண்டும். மாற்றிக்கொண்டிருக்கும்போதே சுற்றி நின்று திட்டுவார்கள். முகம் மாறக்கூடாது, பதில் வரக்கூடாது, கொட்டை தப்பக்கூடாது. தப்பினால் முதலிலிருந்து.

முதலில் நாங்களே ஒருவரையொருவர் திட்டிப் பார்த்தோம். “ஏங்க, இது சரியில்லீங்க” என்பதற்கு மேல் எங்களுக்கு வரவில்லை. ரத்தினம் தலையில் அடித்துக்கொண்டு போய், வீட்டிலிருந்து ஞானம்மாவை அழைத்து வந்தார். அம்மையார் பூசைக்குப் போய்வந்த புடவையோடு வந்து நின்று, ஜெபமாலையைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துவிட்டுத் தொடங்கினார்.

“ஏன்யா, கண்ணு கீதா உனக்கு, இல்ல கண்ணு கீற எடத்துல கொய்யாக்காய சொருவிகினு வந்தியா? உன்ன ஒரு ஆளுன்னு நம்பி உங்கூட்ல உல வக்கறாங்களே, அவங்களச் சொல்லணும்.”

இது வெறும் ஆரம்பம். மிச்சத்தை இந்த மங்கல மேடையில் வாசிக்க இயலாது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போனவர்கள் உண்டு. தேறியவர்களை அதன்பின் எந்தக் கேப்டனாலும் அசைக்க முடியவில்லை. ஞானம்மா முன்னால் நின்றவனுக்கு, மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவன் ஏதோ விலாசம் கேட்க வருகிறவன் மாதிரிதான் தெரிவான்.

விரலுக்கும் பயிற்சி உண்டு. “தூக்குனா நேரா தூக்கு. ஒட்டட அடிக்கிற மாரி ஆட்டாத” என்று ரத்தினம் ஒவ்வொருவர் முழங்கையையும் பிடித்துத் திருத்துவார்.

திட்டு வாங்குவதில் எங்கள் எல்லோருக்கும் முதல்வர் ராஜாமணிதான். ஒருமுறை திட்டித் திட்டிக் களைத்து ஞானம்மா கீழே உட்கார்ந்துவிட, ராஜாமணியே ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தார். அந்த நிமிஷமே, தமக்குப் பின் குழுவின் தலைமை இவருக்குத்தான் என்று ரத்தினம் முடிவு கட்டிவிட்டார். ஆனால் அந்தப் பொன்னில் ஒரு பொத்தல் இருந்தது. ராஜாமணி யாருக்கும் எல்.பி.டபிள்யூ கொடுக்கமாட்டார். போல்டுக்கும் கேட்சுக்கும் விரல் போகும். காலில் பட்டால் மட்டும் கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். சேர்ந்த நாள் முதல் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை.

“இன்னாத்துக்குயா குடுக்கமாட்டேன்ற?” என்று ரத்தினம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“அண்ணே, கால்ல படலன்னா ஸ்டம்புக்குப் போயிருக்கும்னு நாமளா நெனச்சிக்கிறதுதானே அது. போயிருக்காதுன்னும் நெனைக்கலாம் இல்ல? ஒருத்தன் வாரம் பூரா ஷிப்டு பாத்துட்டு, துணிய வெளுத்துப் போட்டுகினு ஆசையா வந்து நிக்கிறான். நம்ம நெனப்புக்காக அவன எறக்கி வுட்றதா?”

ரத்தினத்துக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

இந்த ஆண்டு அவர் ஓய்வு பெறப்போவது தெரிந்ததும், அணித் தலைவர்கள் சங்கத்தின் செயலாளர் ரகுபதி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

“எல்.பி. குடுக்காத ஆளு தலைவர்னா, அப்புறம் தனியா நடுவர் குழு எதுக்கு சார்? பழையபடி பேட்டிங் டீமே நின்னுக்கட்டும். மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு எடுத்துடுவோம்.”

வேறு தலைவரைப் போடலாமே என்று கேட்பீர்கள். மரகதத்துக்குக் கடை, மற்றவர்களுக்கு ஷிப்டு. ஊர் ஊராகப் போய் எல்லா மைதானத்தையும் பார்க்க முடிந்தவர் ராஜாமணி ஒருவர்தான். ஆக, ரத்தினம் உருவாக்கியது அத்தனையும் ராஜாமணியின் ஒற்றை விரலில் வந்து நின்றது. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் ராஜாமணியின் விரலை நீவிவிடலாமா என்றுகூட ஞானம்மாவிடம் யோசனை கேட்டிருக்கிறார்.

போன ஞாயிறு, அவரைச் சிறப்பிக்க நடுவர்களுக்கும் கேப்டன்களுக்கும் ஓர் ஆட்டம் வைத்தோம். வாழ்நாளில் ஒருமுறையாவது அவர் மட்டை பிடிக்க வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. கேப்டன்கள் தங்களுக்குள் ஒரு மரியாதை பேசி வைத்திருந்தார்கள். பெரியவர் ஆடும்போது என்ன நடந்தாலும் யாரும் அவுட் கேட்கக்கூடாது என்று. கேட்காவிட்டால் நடுவர் கொடுக்கக்கூடாது என்பது ஆட்டத்தின் விதி. ஆகவே போல்டு ஆகாதவரை அவருக்கு ஆபத்தில்லை. ஒரு கேப்டன் தொழிற்சாலையில் ஓ.டி. பார்க்கப் போய்விட்டதால் அவர்கள் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. “சும்மா நில்லுங்கம்மா” என்று ரகுபதி ஞானம்மாவை ஃபீல்டிங்குக்குக் கூப்பிட்டார். அவரும் குடையை விரித்துக்கொண்டு லெக் சைடில் போய் நின்றார்.

ரத்தினம் பேடை இடம் வலம் மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். பந்துவீசும் முனையில், எந்த அணியிலும் சேராமல் நடுவராக நின்றவர் ராஜாமணி. கேப்டன்களில் ஒருவரான டில்லிபாபு மெதுவாக, பூப்போல ஒரு பந்தைப் போட்டார். ரத்தினம் மட்டையை ஒரு திசையில் வீசினார், பந்து வேறு திசையில் வந்து, நடு ஸ்டம்புக்கு நேரே அவர் முழங்காலுக்குக் கீழே ‘பொத்’தென்று பட்டது. கேப்டன்கள் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்தார்கள்.

“எப்டிய்யா அது?” என்று குடைக்குக் கீழிருந்து ஒரு குரல் கேட்டது.

ராஜாமணி திரும்பிப் பார்த்தார். ஞானம்மா ஃபீல்டர். ஃபீல்டர் யார் கேட்டாலும் கேட்டதுதான். இதையும் கொடுக்காவிட்டால் குழுவே இருக்காது என்பது ராஜாமணிக்கும் தெரியும். நெற்றியில் வேர்வை வழிந்தது. பிறகு அந்த வலது கை விலாவை விட்டுப் பிரிந்து மேலே போனது. விரல் நேராக நின்றது, ஒட்டடை அடிக்கவில்லை.

எத்தனை ஆண்டுக் கனவு! ரத்தினம் ஓடிவந்து கட்டிக்கொள்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம்.

“யோவ், மட்டயில பட்டுதுய்யா” என்றார் அவர். நம்பமாட்டீர்கள், பிட்ச்சின் நடுவே நடந்தே வந்துவிட்டார். “லெக் சைடு போற பால் அது. உனக்குக் கண்ணு கீதா, இன்னாய்யா?”

ராஜாமணி ஒரு புளியங்கொட்டையை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றினார். முகத்தில் ஒன்றுமில்லை.

“அவுட்டுன்னா வெளிய வா மனுசா” என்றார் ஞானம்மா. “வெயிலு ஏறுது.”

பந்தலுக்கு வந்து ஒரு பேடைக் கழற்றி, இரண்டாவதன் வாரில் கை வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. “ஆமா, அவன் குடுத்துட்டான் இல்ல?” என்று பக்கத்திலிருந்த மரகதத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று மரகதத்துக்கே தெரியவில்லை.

ரகுபதி வேறென்ன சொல்வார்? குழு நீடிக்கும், ராஜாமணியே தலைவர் என்று அன்றைக்கே சங்கம் ஒப்புக்கொண்டது. பதவியேற்ற புதுத் தலைவர் செய்த முதல் காரியம், தீர்ப்பை எதிர்த்து வாதாடிய குற்றத்துக்காக, மட்டையாளர் ரத்தினம் அடுத்த இரண்டு ஞாயிறும் மைதானத்துக்குள் நுழையத் தடை விதித்தது. அந்த விதியை எழுதியவரும் ரத்தினம்தான்.

“பெரியவரு, ரிட்டயர் ஆவறாரு. இந்த ஒரு தடவ வுட்டுடுப்பா” என்று ரகுபதியே கெஞ்சினார்.

“அவருக்குன்னு வுட்டா, நாளைக்கு எவன் சார் கேப்பான்?” என்றார் ராஜாமணி.

ரத்தினம் மனைவியின் கையை இடித்தார். “பாத்தியா? வுடமாட்டேன்றான்.” மகள் பரீட்சையில் தேறிய சேதி வந்தபோதுகூட அவர் குரலில் இத்தனை பெருமை இருந்ததில்லை என்கிறார் ஞானம்மா.

இன்று தடையின் முதல் ஞாயிறு; இந்த மேடையைக்கூட அதனால்தான் மைதானத்துக்கு வெளியே போட்டிருக்கிறோம். காலையில் உப்பு வாங்கிவருவதாகச் சொல்லி வீட்டைவிட்டுக் கிளம்பியவர், மைதானத்துக்கு எதிர்ப்புறம், சாலையோரப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். பேருந்துகள் வந்தன, போயின. அவர் எதிலும் ஏறவில்லை. இது தடையை மீறுவதாகாதா என்று ஒரு கேப்டன் புகார் சொல்ல, சாலை நம்முடையதல்ல என்று ராஜாமணி தள்ளுபடி செய்தார். சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பந்து காலில் பட்டது, கேட்டார்கள், ராஜாமணி விரலைத் தூக்கினார். அவுட்டானவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு வெளியேறினான். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒற்றை ஆள் கைதட்டும் சத்தம் ஏரி முழுக்கக் கேட்டது.

வல்லக்கோட்டை வேலவனும் வடக்குப்பட்டு மாதாவும் அவருக்கு வளையாத முதுகும், வலிக்காத முழங்காலும், குன்றாத குரலும், ஞானம்மா அம்மையாரின் குறையாத கவனிப்பும் வழங்கி, நூறாண்டு வாழவைக்க வேண்டுகிறோம். தடை முடிகிற ஞாயிறன்று அவருக்காக வேலமரத்தடியில் ஒரு நாற்காலி போடப்படும்.

அவரிடம் திட்டு வாங்கிய பேறு பெற்ற,
வட்டார நடுவர் குழுவினர்
ஏரி மைதானம், ஒரகடம்
ஞாயிறு, 29.9.1991