நினைவுக் களஞ்சியம் என்று எழுத விடாதவருக்கு

மூளையின் மடிப்பையும் முடிச்சையும் முப்பத்து மூன்று ஆண்டுகள் மாணவர் மனங்கொள விளக்கிய மாண்பாளரே! சுண்ணக்கட்டி ஒன்றால் கரும்பலகையில் கபாலத்தைத் திறந்து காட்டிய கலைவல்லாரே! விலங்கியல் துறையின் விளக்கே, பேராசிரியர் பஞ்சாபகேசன் அவர்களே! இன்று தாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பி இந்தப் பணிநிறைவு விழா அவைக்கு வந்ததே எங்களுக்குப் பெரும்பேறு.

வழக்கப்படி "நினைவுக் களஞ்சியமே" என்றுதான் மடலைத் தொடங்கியிருந்தோம். என்றோ படித்துப் போனவனையும் இன்முகத்தோடு பெயர் சொல்லி அழைத்தவர் ஆயிற்றே! நேற்று தல்லாகுளத்தில் தங்கள் இல்லத்தில் உதவிப் பேராசிரியர் ராம்கி அதை வாசித்துக் காட்ட, தாங்கள் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள்.

"அதை அடிச்சிடுங்கோ. உங்க பேரே எனக்கு இப்பத்தான் ஞாபகம் வந்தது."

"விடுங்க சார், மறதி யாருக்குத்தான் இல்ல?" என்றார் ராம்கி.

"இது வெறும் மறதி இல்லை, நோய். மனச்சோர்வு நீடிச்சா, ஞாபகத்தைப் பதிய வைக்கற ஹிப்போகேம்பஸ் பல பேருக்குச் சுருங்கும். பயத்தைக் கிளப்பற அமிக்டலா ஓயாது. அதை அடக்க வேண்டிய முன்மூளை தளர்ந்துபோகும். நான் நடத்தின பாடந்தான். இப்ப என் தலைக்குள்ளயே நடக்கறது. கால் ஒடிஞ்சா மறைக்கறோமா? எழுதுங்கோ."

எழுதிவிட்டோம், ஐயா! தங்கள் நீண்ட மருத்துவ விடுப்பைச் சோம்பல் என்று சொன்ன வாய்களும் இந்த அவையில் உண்டு. அவர்கள் காதிலும் விழட்டும். சிகிச்சையால் மூளை ஓரளவு மீளும் என்கிறார் மருத்துவர். மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் தங்களுக்கு இன்னும் விடியவில்லை.

மடலின் முடிவில் "நூறாண்டு வாழ்க" என்று வந்தபோது, தாங்கள் சிரிக்க முயன்றீர்கள்.

"நூறு வருஷமா? காலையில எழுந்திருக்கவே வேண்டாம்னு தோணறது எனக்கு."

தங்கள் துணைவியார் வாலாம்பாள் அம்மையார் பதறிப்போனார். "அதையுமா எழுதச் சொல்றேள்?"

"எழுதட்டும், வாலா. என்னை மாதிரி ஒருத்தராவது அங்க உட்கார்ந்திருப்பா."

ஆகவே, அருந்தமிழில் அடுக்கி வைத்திருந்த அந்த நூறாண்டையும் அடித்துவிட்டோம். நாளைக் காலை எழுந்திருங்கள், ஐயா! ராம்கி வாசலில் வந்து நிற்பார். கதவைத் திறந்தால் போதும். நாளை மறுநாளுக்கான வாழ்த்தை அவர் அப்போது சொல்வார்.

என்றும் தங்கள் அன்பில்,
விலங்கியல் துறை ஆசிரியர்கள், அலுவலர்கள்
நாகமலை புதுக்கோட்டை