சின்னக் கால்சியம் மாத்திரை

மின்விசிறி முழு வேகத்தில் ஓடினால் எனக்குத் தூக்கம் வராது, ஐயா. கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டே வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள், விஷயம் அங்கேதான் ஆரம்பம்.

முப்பது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தெருவில் எனக்குப் பெயர் ‘பாதி டாக்டர்’. மீதிப் பாதியும் நான்தான் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. மண்டைக்கனத்துக்கு மட்டும் என் கடையில் மருந்து இருந்ததில்லை.

மாதவிடாய் நின்ற வருடம் என் மனைவி ஆளே மாறிப்போனாள். திடீர் திடீரென்று உடம்பெல்லாம் அனல், நனைந்த தலையணை, இரவெல்லாம் முழு வேகத்தில் மின்விசிறி, தொட்டதற்கெல்லாம் சண்டை. டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை எழுதினார். அதில் இரண்டு சரக்கு. அனலை அடக்க ஈஸ்ட்ரோஜன். அது கர்ப்பப்பையைக் கெடுத்துவிடாமல் காக்கச் செயற்கைப் புரோஜெஸ்டின். சில வாரங்களில் வீடு அமைதியானது. மின்விசிறி இரண்டாம் எண்ணுக்கு இறங்கியது. அந்த மாத்திரையை நானே கண்டுபிடித்தது போலத் திரிந்தேன்.

அப்புறம் அவளுடைய அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இந்தக் கூட்டு மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் அந்த ஆபத்து கூடும், குடும்பத்தில் வேறு வந்துவிட்டது, உடனே நிறுத்துங்கள் என்றார் டாக்டரம்மா. அவளும் பயந்துபோய் நிறுத்தினாள். அனல் திரும்பியது, சண்டையும் திரும்பியது. என் குறட்டை, என் செருப்பு, நான் மெல்லும் சத்தம், எதுவுமே அவளுக்கு ஆகவில்லை. குறட்டை விஷயத்தில் அவள் சொன்னது நியாயம்தான்.

ஒரு நாள் காலை, கடையில் ஆள் இல்லாத நேரம், அதே ஹார்மோன் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிக் கால்சியம் டப்பாவில் போட்டேன். எலும்புக்கு நல்லது என்று சொல்லித் தினமும் என் கையாலேயே கொடுத்தேன். கால்சியம் வந்தபிறகுதான் நன்றாகத் தூங்குகிறேன் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்து வருடம் ஓடியது.

போன மாதம் அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஹார்மோன் ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று புற்றுநோய் மருத்துவர் கேட்டார். எப்போதோ நிறுத்தியாயிற்று என்று சொல்லி அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். சோதனை முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் கொடுத்தேன், ஐயா. பாவம், பதற்றத்தில் இருந்தாள். தூக்கமும் கெட வேண்டாமே.

ஹார்மோனைத் தின்று வளரும் ரகம் என்று முடிவு வந்தது. சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் அந்த டப்பாவையும் எடுத்துப் போனாள். நர்ஸ் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

“கால்சியம் இவ்வளவு சின்னதா இருக்காதேம்மா.”

“எனக்குத் தொண்டையில சிக்கும்னு அவர் தேடிப் பிடிச்சுக் கொண்டுவந்து தர்றாருங்க,” என்றாள்.

அங்கேயே நான் செத்திருக்கலாம். சாகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்துக்கொண்டு நின்றேன்.

டப்பாவில் இருந்தது ஹார்மோன் மாத்திரை என்று அன்றே தெரிந்துவிட்டது. புற்று இதனால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாதாம். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கொடுத்தது நான்தான். அவளுக்குத் தெரியாமல், ஐந்து வருடம், என் தூக்கத்துக்காக. இப்போது அவள் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நான் நீட்டினால் தண்ணீர்கூட வாங்க மாட்டேன் என்கிறாள்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் கொடுத்ததில் ஒரு நாளும் அளவு கூடியதில்லை, ஒரு நாளும் வேளை தவறியதில்லை. அந்த வீட்டில் இப்போது அவளுக்கு வேளைக்கு மருந்து கொடுக்க யார் இருக்கிறார்கள்?