வலது மூலைக்கு வரவேண்டிய வருத்தம்

ஊரின் வானத்தை ஒவ்வொரு நாளும் அண்ணாந்து பார்த்து, அதை ஒரு விரற்கடை இடத்துக்குள் ஒடுக்கித் தந்த உற்ற தோழியே! ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் நம் கழுத்திலும் எலும்பு ஏழேதான் என்று எழுதி, ஒரு நாள் முழுக்க இந்த ஊரையே பின்கழுத்தைத் தடவிப் பார்க்க வைத்தவரே! நம் நாளிதழின் மூன்றாம் பக்கத்து வலது மூலையை முகவரியாகக் கொண்டு இருபத்தாறு ஆண்டுகள் குடியிருந்தவரே! எங்கள் மூலை அக்காவே! வணக்கம்.

இது பாராட்டு மடல். பாராட்டத்தான் போகிறோம். ஆனால் கோபத்தோடு பாராட்டப் போகிறோம். நாளை இதைச் சட்டம் போட்டு மாட்டும்போது அந்தக் கோபமும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கட்டும். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்று அக்கா முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். அவர் சொன்னால் செய்பவர். எனவே நடுப்பகுதியை அவையைப் பார்த்து, வேறு யாரோ ஒருவரின் கதையைச் சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறோம். அதுவரை அவர் காது கேட்காதவர்போல உட்கார்ந்திருந்தால் போதும்.

அவையோரே, 'வலது மூலை' என்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். முதலில் ஒரு துணுக்கு: பட்டாம்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்பதுபோல. அடுத்து நம் ஊர் வானிலை. கடைசியில் அவர் மனத்தில் பட்டது ஏதாவது. மூன்றும் சேர்ந்து ஒரு உள்ளங்கை அளவுதான். அமைச்சர்கள் வந்து போன முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, பலர் நேராக இந்த உள்ளங்கைக்குத்தான் வந்தார்கள்.

வானிலை மையத்தின் அறிக்கை முதல் பக்கத்திலேயே வரும். அது மாநிலம் முழுவதற்கும் பொது. அக்காவின் வானிலை அப்படிப்பட்டதல்ல. வெயில் சாயும் நேரத்தில் தேநீர்க் கோப்பையோடு அலுவலக மொட்டை மாடிக்கு ஏறுவார். தண்ணீர்த் தொட்டிக்கும் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் இடையில் நின்று நாலு திசையும் பார்ப்பார். இறங்கி வந்து, மருத்துவமனைப் பக்கம் தூறல், சந்தைப் பக்கம் வெறும் தூசி, பேருந்து நிலையத்தில் குடை விரித்தவர்கள் ஏமாந்தார்கள் என்று எழுதுவார். புதிதாக வந்த துணையாசிரியர் ஒருவர் அவரிடமே கேட்டுவிட்டார்.

"நேத்து பெஞ்ச மழையை இன்னிக்குப் படிச்சு என்னக்கா பண்றது?"

"நனைஞ்சவனுக்கு, நாம மட்டும் தனியா நனையலைன்னு தெரியும். அது போதாதாப்பா?"

துணையாசிரியர் அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவரே ஒரு கோப்பைத் தேநீரோடு பின்னால் ஏறிப் போனார்.

மனத்தில் பட்டதை எழுதும் கடைசிப் பகுதியின் கதாநாயகர் அக்காவின் வீட்டுக்காரர். பேருந்து நிலையத்துக்கு எதிரே பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்துவிட்டு, சொந்த வீட்டுச் சாவியை வாரம் தவறாமல் தொலைத்துவிட்டு நிற்பவர். தன்னைப் பற்றி எழுதுவதைப் படிப்பதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நம் அலுவலக வாசலுக்கே வந்து காவலாளியிடம் புகார் சொல்லிவிட்டுப் போனார்: "என்னைப் பத்தி எழுதறதுன்னா கொஞ்சம் பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க. கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல." குட்டு வெளிப்பட்டதும் அடுத்த நாள் மூலையிலேயே அதுவும் வந்துவிட்டது.

இனி, எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தினமும் எழுதுகிறவர்கள் விடுப்பு நாளுக்கென்று நாலைந்து குறிப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்கு 'ஸ்டெப்னி' என்று பெயர். அக்காவின் ஸ்டெப்னியில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. வீட்டு மனிதர்கள் யாரும் அதில் வரமாட்டார்கள். வானிலை வரி காலியாகவே இருக்கும். அன்று பக்கம் முடிப்பவர் யாரோ, அவர் மாடிக்கு ஏறிப் பார்த்து அந்த வரியை நிரப்ப வேண்டும். "பார்க்காம எழுதினா அது வானிலை இல்ல, வதந்தி" என்பார் அக்கா.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் கடை ஷட்டரைத் தூக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அன்று பகல் முழுக்கக் கொட்டியது. குடைகளுக்குக் கீழேதான் அவரைக் கொண்டுபோனோம். சந்தைத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். திரும்பி வந்தபோது எங்களில் ஒருவர் சட்டைகூடக் காயவில்லை.

ஈர உடையோடு மூன்றாம் பக்கத்தை முடிக்க உட்கார்ந்த பக்க வடிவமைப்பாளர் ஸ்டெப்னியில் ஒன்றை எடுத்து வைத்தார். மாடிக்குப் போய்ப் பார்க்கக்கூடத் தேவையில்லாத மழை. அப்போதுதான் நிர்வாக ஆசிரியர் அங்கே வந்தார். பக்கம் முழுக்க விபத்துச் செய்தியாக இருக்கிறது, மூலையிலாவது சிரிக்கிற மாதிரி ஒன்று வேண்டும், பழசில் வாசகர்கள் ரசித்ததாக எடுத்துப் போடு என்றார். வடிவமைப்பாளர் தயங்கினார். நிர்வாக ஆசிரியரே கணினியில் தேடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அக்காவின் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மாலை வாங்க ஆள் அனுப்பியவரே அவர்தான்.

மறுநாள் காலை அக்காவின் பெயரோடு வந்த மூலை இது: "ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று. நேற்று நம் ஊரில் இளவெயில், துணி காயப் போட ஏற்ற நாள். வீட்டுக்காரர் இன்றும் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். கொஞ்ச நேரம் தட்டட்டும் என்று உள்ளேயே இருக்கிறேன்."

துக்க வீட்டில் அதை முதலில் படித்தது யார் என்பது முக்கியமில்லை. பேப்பர் கை மாறிக் கை மாறி மூத்த நாத்தனாரிடம் வந்தது. வீட்டுக்காரரின் அக்கா அவர். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தம்பிக்கு இந்தப் பெண்தான் என்று பிடிவாதமாக நின்று கல்யாணத்தை முடித்து வைத்தவரும் அவரே. ஞாயிறு என்றால் மூவருக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என் தம்பி போன ஈரம்கூடக் காயல. அதுக்குள்ள உனக்குத் தமாஷ் வந்துடுச்சா?"

"நான் எழுதல அண்ணி."

"உன் பேர்தானே போட்டிருக்கு?"

பெயர் அக்காவுடையதுதான். வாக்கியமும் என்றோ ஒரு வெயில் நாளில் அவர் எழுதியதுதான். ஸ்டெப்னி, பழைய குறிப்பு, நிர்வாக ஆசிரியர் என்று அந்தக் கூடத்தில் யாரிடம் போய் விளக்குவது? அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அத்தோடு நின்றது. பேச்சும் நின்றது. இன்று வரை.

வேலைக்குத் திரும்பிய அன்று அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. தவறு நேர்ந்தால் மற்றச் செய்திகளுக்கு 'வருந்துகிறோம்' என்று போடுகிறோமே, அதையே இந்த மூலையிலும் போட வேண்டும். நிர்வாக ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அமைச்சர் பேரைத் தப்பாப் போட்டா வருத்தம் போடலாம். மூலைக்கெல்லாம் போட்டா சிரிப்பாங்கம்மா."

"ஏற்கெனவே சிரிக்க வச்சாச்சு சார்."

அவர் குரல் உயரவில்லை. சிலருக்குக் கோபம் குரலில் வரும்; அக்காவுக்கு அது வருகைப் பதிவில் வந்தது. அன்றே ஸ்டெப்னி அத்தனையையும் அழித்தார். அதன் பிறகு விடுப்பே எடுக்கவில்லை. காய்ச்சலோடு வந்தார். கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். அவர் இல்லாத நாள் ஒன்று இருந்தால்தானே பழசைத் தோண்டி எடுப்பார்கள். அந்த நாளையே இல்லாமல் செய்தார். வீட்டுக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. இதற்கு நிர்வாகம் அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது: விடுப்பே எடுக்காத விசுவாச ஊழியர். அந்த அட்டை அவர் மேசையில் தேநீர்க் கோப்பைக்கு மூடியாகப் பயன்பட்டதை இங்குள்ள அனைவரும் பார்த்திருக்கிறோம்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இந்த மடலில் வழக்கம்போல நாலு அடைமொழியும் ஒரு வாழ்த்தும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்போம். போன வாரம் ஓர் அறிவிப்பு வந்தது. அக்கா ஓய்வு பெற்றாலும் வலது மூலை ஓய்வு பெறாது. அவரைக் கௌரவிக்கும் விதமாக அவருடைய பழைய குறிப்புகளே அவர் பெயரில் தினமும் மறுபடி வரும் என்று. இந்த மடலிலும் 'மூலை என்றும் தொடரும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள்.

அக்கா நிர்வாக ஆசிரியர் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"வெளியே மழை பெய்யும். மூலையில வெயில்னு இருக்கும். பரவாயில்லையா சார்?"

"யாரும்மா அதையெல்லாம் ஒத்துப் பார்க்கிறாங்க? வானிலைதானே. சுத்திச் சுத்தி அதேதான் வரப்போகுது."

"எங்க வீட்டுக்காரரும் சுத்திச் சுத்தி வருவாரா?"

எழுதியதெல்லாம் அலுவலகத்தின் சொத்து என்று அவர் பதில் சொன்னார். அக்கா வெளியே வந்தார். கோப்பையை எடுத்தார். வழக்கம்போல மாடிக்குப் போனார். அன்று இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று.

பிரிவு உபசாரத்துக்கு என்ன பரிசு வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம்: "கடிகாரம் வேணாம். வீட்டுல மூணு ஓடுது, மூணும் வேற வேற நேரம் காட்டுது. மூலையில ஒரு தடவை வருத்தம் போடுங்க. அப்புறம் அதை மூடிடுங்க."

வேலை போகும் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், போகலாம். யார் தலையை உருட்டுவார்கள் என்று இன்னொருவர் கேட்டார். அதற்காகத்தான் இந்த மடலில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். செய்திப் பிரிவு, பக்க வடிவமைப்பு, பிழை திருத்தம், புகைப்படம், விளம்பரம், அச்சகம், வாகன ஓட்டிகள், வாசல் காவலாளி வரை. ஒரு தலை என்றால் உருட்டலாம். இத்தனை தலையை உருட்ட ஒரு மைதானம் வேண்டும்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாக ஆசிரியர் அவர்களுக்குப் பணிவோடு ஒரு தகவல். மூன்றாம் பக்கம் மாலையிலேயே முடிந்துவிடும் பக்கம். இன்றும் முடிந்துவிட்டது. அச்சகத்துக்குப் போன் போட விரும்பினால் போடலாம். அதை எடுக்க வேண்டிய ஃபோர்மேன் இதோ உங்களுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நாளைய வலது மூலையை இங்கேயே வாசித்துவிடுகிறோம்.

"வருந்துகிறோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இந்த மூலையில் வந்த குறிப்பு அன்றைக்கு எழுதப்பட்டதல்ல. அது ஒரு பழைய குறிப்பு. இதை எழுதிவந்தவரின் கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையில், அவரைக் கேட்காமல் எடுத்து, அவர் பெயரோடு வெளியிட்டது இந்த நாளிதழ். அதில் இருந்ததுபோல வெயில் அடிக்கவில்லை. நாள் முழுவதும் மழை. அவர் யாரையும் வாசலில் தட்டவிட்டு உள்ளே இருக்கவில்லை. வலது மூலை இன்றோடு நிறைகிறது."

அக்கா, இனி உங்களைப் பார்த்தே பேசலாம். வழுவாத வாய்மையும் வளையாத முதுகும் வாய்த்தவரே, எட்டு ஆண்டுகள் ஒரு கோபத்தை ஒரு நாளும் ஆறவிடாமல் அடைகாத்தவரே, அந்தக் கோபத்தை இன்று எங்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். இனி அது எங்கள் பொறுப்பு. நீங்கள் நன்றாகத் தூங்குங்கள். காய்ச்சல் வந்தால் படுங்கள். மழை வந்தால் எந்தப் பக்கம் பெய்கிறது என்று பார்க்காமல் நனையுங்கள். நோயின்றி, நொடிப்பின்றி, நிறைந்த ஆயுளோடு நெடுங்காலம் நலமாக இருங்கள்.

நாளைக் காலை உங்கள் அண்ணி வீட்டு வாசலிலும் பேப்பர் விழும். மூன்றாம் பக்கம் மேலே தெரியும்படி மடித்துப் போடச் சொல்லியிருக்கிறோம். படிப்பதும் படிக்காததும், கதவைத் திறப்பதும் திறக்காததும் அவர் கையில் இருக்கிறது. அது எங்களால் முடிந்த காரியமல்ல. எங்களால் முடிந்ததைச் செய்துவிட்டோம்.

என்றும் உங்கள் அன்பில்,
அனைத்துப் பிரிவு ஊழியர்கள்

இன்றைய வானம்: மருத்துவமனைப் பக்கம் வெளுப்பு. சந்தைப் பக்கம் தூறல். நாங்களே மாடிக்கு ஏறிப் பார்த்தோம்.