உள்ள ஒண்ணுமில்ல

— பதினாலு படியும் ஏறி வந்துட்டு வாசல்ல நின்னு யோசிச்சா எப்படி? உள்ள வாங்க இன்ஸ்பெக்டர் சார். கதவு திறந்துதான் கிடக்கு.

— நோலீன்... நீ வீட்ல இருக்க மாட்டேன்னு ஏஜென்ட் சொன்னான்.

— வர்றது நீங்கன்னு அவன் எங்கிட்டச் சொல்லல. சரிக்குச் சரி. எட்டு வருஷம் கழிச்சு இந்தப் படியை மிதிக்கிறீங்க. உங்ககூடவே வேலை பாத்த என் புருஷன் மெர்வின் செத்தப்ப வராத மனுஷன், வீடு விக்கிறப்ப கரையான் பாக்க டார்ச் லைட்டோட வந்து நிக்கிறீங்க.

— அன்னைக்கு வந்தேன். சர்ச்சுக்கு எதுத்தாப்ல வண்டியிலயே உக்காந்திருந்தேன். இறங்க முடியல.

— முடியலையா, இறங்க முகம் இல்லையா?

— வேணும்னா வேற ஆளை அனுப்பச் சொல்றேன்.

— எப்ப? இன்னைக்கு வியாழன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க ரிப்போர்ட் சுத்தம்னு போகலேன்னா வாங்குறவ கை கழுவிட்டுப் போகலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு. ஏற்கெனவே ரெண்டு பேர் வந்து மூஞ்சியச் சுளிச்சிட்டுப் போயாச்சு. டூவூம்பாவுல என் பொண்ணு லீயன் வீட்டுக்குப் பின்னாலயே ஒரு சின்ன வீடு பிடிச்சு வச்சிருக்கேன். படியே கிடையாது. இது வித்தாதான் அது. இருபத்திரண்டு வருஷம் இறைச்சி ஆலைக் குளிர்ரூம்ல நின்ன முட்டி, கிளைவ். இனி இந்தப் பதினாலு படி ஆகாது. வேலையைப் பாருங்க.

— பாத்துடுறேன். வீட்டுக்கு அடியில பாத்துட்டுத்தான் ஏறினேன். தூணெல்லாம் நிமிந்து நிக்குது. தூண் தலையில கரையானைத் தடுக்குற தகடுகூடத் துருப்பிடிக்கல.

— மெர்வின் நட்டது. பின்னே எப்படி இருக்கும்?

— பின்பக்கம் மட்டும் மேடு. மண்ணு வீட்டை ஒட்டிக் கிடக்கு. எழுதிக்கிட்டேன். வாங்குறது யாரு?

— பஸ் ஓட்டுற பொண்ணு. புருஷன் இல்ல. ரெண்டு வாண்டுங்க. பின்ரூம் தான் எங்களுக்குன்னு வந்த அன்னைக்கே அதுங்க பாய் போடாத குறையா உருண்டு பாத்துட்டுப் போச்சுங்க. டீ போடவா?

— கூரையில போஸம் பிராணி குடியிருக்குது. புழுக்கை கிடக்கு. எழுதிக்கிட்டேன்.

— டீ போடவான்னு கேட்டேன்.

— பெரிய சேதம் இல்ல. ஓட்டையை அடைச்சாப் போதும்.

— கிளைவ்! டீ!

— ஆங்? ஆ, போடு, போடு. பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டுற சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

— அவன் மெஷினை நிறுத்திக் கால் மணி நேரம் ஆச்சு.

— ஹால் மரச்சுவர். தட்டுறேன். கெட்டி. ஜன்னல் ஓரம்... கெட்டி. எழுதிக்கிட்டேன்.

— உங்க முதுகுக்குப் பின்னால நின்னு சொல்றேன். நீ ஒரு களவாணி, கிளைவ்.

— ஜன்னல் சட்டம் ரெண்டு மக்கிப்போச்சு.

— காசுக்குக் கையெழுத்து வித்தவன் நீ.

— சின்ன வேலைதான். மக்குனதைச் சுரண்டிட்டுப் பெயின்ட் அடிச்சாச் சரியாயிடும்.

— ...கிளைவ். இங்க திரும்பு. என் மூஞ்சியப் பாரு. நான் இப்ப என்ன சொன்னேன்?

— ஜன்னலைப் பத்தித்தானே?

— ஆமா. ஜன்னலைப் பத்தித்தான். மிச்சம் இருக்குறதைப் பாரு.

— பின்ரூம் ஒண்ணுதான் பாக்கி. பெயின்ட் புதுசா இருக்கே. யார் அடிச்சது?

— நான்தான். போன மாசம். முட்டியைத் தலையணையில ஊனிக்கிட்டு.

— அப்ப இதைக் குத்திக் கிழிக்கல. மெஷின் வச்சுப் பாக்குறேன். ஈரம் காட்டல. கோலால தட்டுறேன். கதவுக்கு இடப்பக்கம், அடிப்பலகை. கெட்டி.

— கடவுளே. கிளைவ், அந்த இடம் காலி பிஸ்கட் டின் மாதிரி ஒலிக்குது.

— நிலைக்கட்டை. கெட்டி.

— அதுவும் அட்டைப்பெட்டிதான். மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை வந்தா அந்த மனுஷன் விடியுமுன்னே வீட்டைச் சுத்தித் தட்டிக்கிட்டு வருவாரு. முப்பத்தொரு வருஷம் அந்தச் சத்தத்துலதான் முழிச்சிருக்கேன். எது கெட்டி, எது பொக்குன்னு தூக்கத்துலயே சொல்லுவேன். அவரு போய் மூணு வருஷமா இந்தச் சுவத்தை யாரும் தட்டல. உனக்குக் கேக்கலையா? நிஜமாவே கேக்கலையா?

— என்ன முணுமுணுக்கிற? திரும்பிப் பாத்தா உன் வாய் அசையுது.

— ஒண்ணுமில்ல.

— பின்ரூம் சுத்தம். எழுதிக்கிட்டேன்.

— எழுதிக்கோ.

— முடிஞ்சுது. நல்ல வீடு, நோலீன். அவன் கை பட்ட வீடு வேற எப்படி இருக்கும்.

— டீ ஆறுது. உக்காரு. அங்க இல்லையா? எதுக்குச் சுத்திக்கிட்டு வந்து எனக்கு நேர் எதுத்தாப்ல உக்கார்ற?

— இங்க காத்து வருது.

— காத்து. சரி. கிளைவ், ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு விட்டா எப்பவும் கேக்க முடியாது. எட்டு வருஷம் முன்னால, கர்லூ தெரு வீட்டை விக்க அந்த ஏஜென்ட் உனக்கு என்ன குடுத்தான்?

— ஒண்ணும் குடுக்கல.

— பின்ன எதுக்கு வராந்தா சுத்தம்னு எழுதின? அதை வாங்கின டீச்சர் பொண்ணு காபிக் கோப்பையோட இடுப்பு வரைக்கும் பலகைக்குள்ள இறங்கிட்டா. இன்னும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்குறா. ரிப்போர்ட்ல உன் பேருக்குக் கீழ மெர்வின் பேரும் இருந்துச்சே! அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை தவறாம அவ வீட்டுக்குப் போயி தரையை மாத்திப் போட்டுட்டு வந்தாரு. அவ கூப்பிடல, கேக்கல. நெஞ்சு இழுக்குற ஆளு, அந்தத் தூசியில படுத்துக் கிடந்தாரு.

— தெரியும். ஒரு தரம் வண்டியில அந்தப் பக்கம் போனேன். அவன் பூட்ஸ் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

— நிறுத்தினியா?

— இல்ல.

— அதானே.

— நோலீன், அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். நான் மேல வராந்தாவுல பேடும் பேனாவுமா நிக்குறேன். அவன் அடியில மல்லாந்து படுத்துத் தட்டிக்கிட்டு வர்றான். தட்டிட்டு ஒரு கத்துக் கத்தினான். "உள்ள ஒண்ணுமில்ல!"ன்னான். நான் எழுதினேன். உள்ளே ஒன்றுமில்லை.

— அட பாவி! மரத்துக்குள்ள ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்காரு! கரையான் தின்னு தீத்துடுச்சு, வெறும் தோல்தான் நிக்குதுன்னு!

— நான் கரையான் ஒண்ணுமில்லன்னு எடுத்துக்கிட்டேன்.

— எப்படி எடுத்துக்குவ? நீ நின்ன பலகைக்கு நேர் அடியில தட்டியிருக்காரு. டொப்பு டொப்புன்னு வெத்துப் பெட்டி மாதிரி கேட்டிருக்குமே! அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்கு அவரு என்ன சொல்றாருன்னு புரியாதா?

— கேட்டவனுக்குப் புரியும்.

— என்ன சொல்ற?

— சத்தம் கேட்டவனுக்குப் புரியும், நோலீன்.

— ...இன்னைக்கு மாதிரியேவா? அப்பவே போயிடுச்சா?

— அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னால. பதினாறு வயசுல இருந்து ரம்பமும் ஆணித் துப்பாக்கியும். அந்தக் காலத்துல காதுக்கு யாரு என்ன மாட்டினா? முதல்ல குருவிங்க சத்தம் நின்னுச்சு. அப்புறம் தட்டுற சத்தம். எதுக்க இருந்து பேசினா உதட்டைப் பாத்து ஒப்பேத்துவேன். கத்தினா வார்த்தை கேக்கும். மெர்வின் எப்பவும் கத்துற ஆளு, அதனால ஓடுச்சு. அவன் காது, என் கை. ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு. அது எனக்கு மட்டுந்தான் தெரியும். அவனுக்குத் தெரியாது.

— காது மெஷின் மாட்டலாமே.

— மாட்டிப் பாத்தேன். பேச்சு கேக்குது. கோலால தட்டினா கெட்டியும் பொக்கும் ஒரே சத்தம். கழட்டி வச்சுட்டேன்.

— அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே, கிளைவ். ஒரு வார்த்தை!

— சொல்லத்தான் வந்தேன். வராந்தா விழுந்த மறுநாள், இதோ இந்த வாசல்ல நின்னேன். "எவ்வளவு வாங்கினே?"ன்னு கேட்டான். அன்னைக்கு அவன் கத்தல. ஆனா உதடு நல்லாத் தெரிஞ்சுது. நான் வாயைத் திறக்கல.

— எதுக்கு?

— திருடனை வேலைக்குக் கூப்பிடுவாங்க, நோலீன். ஏஜென்டுங்க தேடி வந்தே கூப்பிடுவாங்க. செவிடனை யாரு கூப்பிடுவா? திருடன்னு அவன் நினைச்சா ஒரு சிநேகிதன்தான் போவான். செவிடன்னு தெரிஞ்சா சோறு போயிடும். அப்படித்தான் அன்னைக்குப் புத்தி போச்சு.

— எட்டு வருஷமா இப்படியேதான் வீடு வீடாப் போய்த் தட்டுறியா?

— ஈரம் பாக்குற மெஷின் இருக்கு. ஸ்க்ரூட்ரைவர் இருக்கு. கண்ணு இருக்கு. முக்காவாசி தெரிஞ்சுடும்.

— மிச்சக் கால்வாசியில யாரு குடியிருக்கா?

— ...அது ஞாபகம் வர்ற அன்னைக்குத் தூங்குறதில்ல.

— கடைசி வாரம் ஆஸ்பத்திரியில குழாய் மாட்டியிருந்தாங்க அவருக்கு. ஒவ்வொரு நாளும் உன்னைத் திட்டுவாரு. திட்டி முடிச்சுட்டு, "கிளைவ் வந்தானா?"ம்பாரு.

— நான் வந்திருந்தாலும் அவன் அப்பப் பேசுறது எனக்குக் கேட்டிருக்காது.

— கேட்டிருக்க வேணாம். பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்.

— ம்.

— அழாதே. அறுபத்து நாலு வயசுல கேவலமா இருக்கு. மூக்கைத் துடை. அந்த ரிப்போர்ட்டை அனுப்பிட்டியா?

— இல்ல. வண்டியில போய் உக்காந்துதான் அனுப்புவேன். மெர்வின் வீடு சுத்தம்னு என் கையாலயே எழுதுறது... எனக்கு அது ஒரு ஆறுதல், நோலீன்.

— டூவூம்பா வீட்டு அடுப்படி ஜன்னல்ல நின்னா லீயன் துணி காயப்போடுறது தெரியும்.

— நல்லதுதானே.

— ஆமா. நல்லதுதான். எந்திரி.

— எங்க?

— பின்ரூம். கோலை எடுத்துக்கிட்டு வா.

— அங்கதான் தட்டியாச்சே. கெட்டி.

— வான்னா வா. கதவுக்கு இடப்பக்கம், அடிப்பலகை. சுவத்தைப் பாக்காதே, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத் தட்டு.

— தட்டிட்டேன்.

— இன்னொரு தரம்.

— தட்டிட்டேன். என்ன கேக்குது?

— உள்ள ஒண்ணுமில்ல.

— நோலீன். அவன்கிட்டக் கேக்காம விட்டதை உங்கிட்டக் கேக்குறேன். எது இல்ல? கரையானா, மரமா?

— மரம்.

— யோசிச்சுச் சொல்லு. நான் இதை எழுதினா நாளைக்கு அந்தப் பொண்ணு வாங்க மாட்டா. உனக்கு டூவூம்பா இல்ல. அந்தப் படிதான்.

— அந்த வாண்டுங்க ரெண்டும் இந்தச் சுவத்தோரம்தான் படுக்கும். மரம் இல்ல, கிளைவ். எழுது.

— உனக்கு எப்பக் கேட்டுச்சு?

— நீ முதல் தட்டு தட்டினப்பவே. உன் முதுகுகிட்டச் சொல்லிட்டேன். மூஞ்சிகிட்டச் சொல்றதுக்கு எனக்கு ஒரு கோப்பை டீ ஆச்சு. உனக்கு எட்டு வருஷம் ஆச்சு. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. எழுது.

— எழுதிக்கிட்டேன்.

— என்னன்னு? வாசி. எனக்குக் காது கேக்கும்.

— "பின் அறை, கதவுக்கு இடப்பக்கச் சுவர். உள்ளே மரம் இல்லை. தட்டியது நான். கேட்டுச் சொன்னது வீட்டுக்காரி. எனக்குக் காது கேட்காது."