பானெட்டில் தெரிந்த சந்தனப் பட்டை

பெயர்: தீர்த்தகிரி. வயது: 44. தகப்பனார் பெயர்: சின்னராஜ். தொழில்: கார்களுக்கு மெஷின் பாலிஷ் மற்றும் வாக்ஸ் போடுதல். முகவரி: மலைப்பாதை அடிவாரம், கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்.

நான் மேற்படி முகவரியில் பதினாறு ஆண்டுகளாகத் தொழில் செய்து வருகிறேன். வண்டி கழுவும் கடை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், அது தவறு. நான் பெயிண்ட் பார்க்கிறவன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளும்படி காவல் நிலைய அய்யாவிடம் கேட்டுக்கொண்டேன்.

கடந்த ஜனவரி மாதம் ராசிபுரத்தைச் சேர்ந்த காளிதாஸ் என்பவர் என் கடைக்கு வந்தார். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. அவருடைய அக்காள் உண்ணாமலை விசைத்தறி வைத்திருப்பவர் என்றும், அக்காளின் கருநீலக் காரைத் தாமே ஓட்டி வந்ததாகவும், நவம்பர் மாதம் பேருந்து நிலையம் அருகே நிறுத்திவிட்டுத் திரும்பி வருவதற்குள் கார் காணாமல் போனதாகவும் சொன்னார். சாவி இவர் சட்டைப்பையிலேயே இருந்ததால், இவரே காரை விற்றுத் தின்றுவிட்டதாகப் பேச்சு கிளம்பியிருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கடைசியில் அக்காளும் இவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

"கூடப் பொறந்தவளே நம்பலீங்க. போலீசு நம்புனா என்னங்க, நம்பாட்டி என்னங்க" என்றார். பாலிஷ் கடை, டிங்கர் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, எல்லாருடைய போனுக்கும் காரின் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கும் அனுப்பினார். சேலத்தில் கருநீலக் கார் ஆயிரம் ஓடுகிறது, இதில் எதைக் கண்டுபிடிப்பது என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அதன் பிறகு மார்ச் மாதம் 14ஆம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆத்தூரில் பழைய கார் வாங்கி விற்கும் ஈஸ்வர் என்பவர் ஒரு கருநீலக் காரைக் கொண்டுவந்து விட்டார். அவர் முன்பே இரண்டு முறை வந்தவர். நம்பர் பிளேட் வேறாக இருந்தபடியால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. "அண்ணே, நாளைக்குப் பார்ட்டி வந்து பாக்குறாங்க. மேல கண்ணாடியாட்டம் இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னிடம் இரண்டு மெஷின்கள் உள்ளன. ஒன்று ஒரே அச்சில் சுற்றுவது. வேகமாகக் கீறலை எடுக்கும், அசந்தால் பெயிண்ட்டையும் சுட்டுவிடும். மற்றது சுற்றிக்கொண்டே ஆடுவது. மெதுவானது, ஆனால் பெயிண்ட்டைச் சுடாது. வாக்ஸும் இரண்டு வகை. ஒன்று பெயிண்ட்டைக் காப்பது. இன்னொன்று கீறலுக்குள் போய் அடைத்துக்கொண்டு, கீறலே இல்லாத மாதிரி காட்டுவது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வகை. நாளைக்கே விற்கப்போகும் கார் என்பதால் வேக மெஷினையும் மறைக்கும் வாக்ஸையும் எடுத்து வைத்தேன். பெயிண்ட் பார்க்கிறவன் என்று மேலே சொன்னவன்தான் இதைச் செய்தேன்.

அதன் பிறகு காரைக் கழுவி, பாலிஷ் வேலைக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் தேய்த்து அழுக்கெடுத்து, என் வழக்கப்படி பானெட்டில் ஒரு கையகல இடத்தில் மட்டும் மெஷினை ஓட்டிப் பார்த்தேன். துடைத்துவிட்டு, ஷெட்டின் விளக்கை அணைத்து, கைவிளக்கைப் பானெட்டோடு சாய்த்துப் பிடித்தேன். அப்போது நான் தேய்த்த இடத்தின் ஓரத்திலிருந்து இடதுபுறமாக மூன்று கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. விரலால் தொட்டால் ஒன்றும் இல்லை. விளக்கை நிமிர்த்தினால் மறைந்தன, சாய்த்தால் வந்தன. சாமிக்குப் போடும் சந்தனப் பட்டை. சந்தனம் எப்போதோ போய்விட்டது, அது வெயிலில் காய்ந்து பெயிண்ட்டில் இறங்கியிருந்த தடம் போகவில்லை. நடுப்பட்டை மட்டும் மெலிந்து பாதியோடு நின்றிருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன். எதற்குக் கழற்றினேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட தடங்களை எத்தனையோ கார்களில் நான் தேய்த்து எடுத்திருக்கிறேன். அன்றுவரை அதைக் குறை என்றுதான் பார்த்தேன். ஈஸ்வருக்குப் போன் செய்து, பானெட்டில் பட்டைத் தடம் இருக்கிறது என்று சொன்னேன். "அதுக்குத்தானேண்ணே உங்ககிட்ட விட்டேன், எடுத்துடுங்க" என்றார். பத்து நிமிட வேலை. மெஷினைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் காளிதாஸ் அனுப்பிய படம் ஞாபகம் வந்தது.

படத்தைத் தேடி எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பானெட்டில் ஈரச் சந்தனத்தில் மூன்று பட்டைகள். நடுப்பட்டை பாதியோடு நின்றிருந்தது. மெஷினின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, முதலில் காவல் நிலையத்துக்கும் அதன் பிறகு காளிதாஸுக்கும் போன் செய்தேன்.

அதன் பிறகு பிற்பகல் மூன்று மணியளவில் காவலர்கள் வந்து பார்த்ததில் சேஸிஸ் எண் அரத்தால் ராவப்பட்டிருந்தது. அவர்கள் தகவல் சொல்லி, சிறிது நேரத்தில் உண்ணாமலை அம்மாள் வந்தார். காளிதாஸ் தனியாக வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார். அந்த அம்மாள் காரைச் சுற்றி வந்து, "இந்தக் கலர்ல ஊருக்கு நூறு காரு இருக்குதுங்களே" என்றார்.

நான் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். பட்டை எழும்பி வந்தது. அந்த அம்மாள் கிட்டே வந்து குனிந்தார். "வெள்ளிக்கெழம தவறாம நாந்தானுங்க போடுவேன்" என்று சொல்லி, வலது கையின் மூன்று விரல்களை அதன்மேல் வைத்தார். நடுவிரலில் மேல்கணு இல்லை, தறியில் போனதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். விரல்கள் தடத்தின்மேல் அச்சாகப் பொருந்தின. கை இடமிருந்து வலமாக நகர்ந்தது. நடுப்பட்டை நின்ற இடத்தில் அந்தக் குட்டை விரல் தானாகவே பானெட்டை விட்டு எழும்பியது. நானும் இரண்டு காவலர்களும் அதைக் கண்ணால் பார்த்தோம். பெயிண்ட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்றிருந்த எனக்கு அன்று ஒன்றும் தெரியாது என்று தோன்றியது.

கை நான் தேய்த்த இடத்துக்கு வந்து நின்றது. "இதுக்கு மேல எங்கீங்க?" என்று கேட்டார். அது என் மெஷினில் போய்விட்டது என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு அந்த அம்மாள் கையை எடுக்காமலேயே வாசல் பக்கம் திரும்பி, "காளி, உள்ள வாடா" என்று கூப்பிட்டார். அவர் வரவில்லை. "எம்பட கைய இன்னிக்கு நம்பறேன். உன்ன அன்னிக்கே நம்பியிருக்கோணும்" என்றார். அதைக் கேட்ட பிறகே காளிதாஸ் உள்ளே வந்தார். காரை அவர் பார்க்கவே இல்லை.

கார் திருட்டுப் பொருள் என்பது ஈஸ்வருக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லவில்லை. வழக்கு முடியும்வரை அந்தப் பானெட்டில் யாரும் மெஷினோ வாக்ஸோ போடக்கூடாது என்று அய்யாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, கண்டதையும் கேட்டதையும் கண்டபடி கேட்டபடி சொல்லியிருக்கிறேன். பட்டையின் வலது ஓரத்தில் கையகலம் அழித்தது நான்தான் என்பதும் உண்மை.

(ஒப்பம்)
தீர்த்தகிரி