தலையில்லாத வரி

— கையெழுத்தா? அந்தக் காகிதத்தை என் சுண்டுவிரல்கூடத் தொடாது, இயக்குநரய்யா.

— அடம் பிடிக்காதீங்க ஒக்னியான். காலைல ஒன்பது பன்னிரண்டுக்கு நம்ம சங்கத்து ரோஜா விவசாயிங்க பட்டியல் மொத்தமும் அழிஞ்சிருக்கு. சர்வர் பதிவேட்டுல உங்க பேரு. நேர் கீழே ‘அழி’ன்னு உத்தரவு. குற்றத்தை ஒத்துக்கிட்டு வேலையை விட்டுப் போயிடுங்க. புரிஞ்சுதா?

— புரியல. முப்பது வருஷமா சர்வரைக் கட்டி மேய்க்கிறேன். ஒருதரம் அது தும்மினதுல நம்ம கஸன்லக் ஊர் முழுக்கக் கரண்டு போச்சு. அப்பவும் ஒரு விவசாயி பேரு அழியல.

— வேடிக்கைப் பேச்சு வேணாம்! வெளியில விவசாயி ருமியானா பூ மூட்டையோட நிக்கிறா...

— வெளியில இல்ல, உள்ளேயே வந்துட்டேன். நானூறு பேர் விடியக்காலைல பறிச்ச பூ வெயில்ல வாடுது. பட்டியல்ல பேரில்லேன்னு எடைமேடைல ஏத்த மாட்டேங்கறாங்க. அழிச்சது யாரு?

— இவர்தான். நான் கண்ணால படிச்சேன்.

— ருமியானா, நேத்து எடுத்த நகலை ஏத்திக்கிட்டிருக்கேன். பத்து நிமிஷத்துல பேரெல்லாம் வந்துடும். அதுவரைக்கும் உக்காந்து நியாயத்தைக் கேளு. பதிவேடு ஒண்ணு, அதுல எழுதறவங்க பலபேரு. சின்ன வரின்னா முழுசா விழும். நாலாயிரம் எழுத்தைத் தாண்டினா துண்டு துண்டாத்தான் விழும். ரெண்டு துண்டுக்கு நடுவுல அடுத்தவன் வரி புகுந்துக்கும். மொதத் துண்டுல பேரும் மணியும் இருக்கும். மிச்சம் தலையில்லாத முண்டம்.

— அதனால என்ன அண்ணே?

— நான் எழுதினது மூணே வார்த்தை. ‘இன்னிக்கு எத்தனை விவசாயிங்க?’ இயக்குநரய்யா, அதுக்குக் கீழே இருக்கே, அதுல பேரு இருக்கா? மணி இருக்கா?

— இல்ல. ஆனா உங்க பேருக்குக் கீழேதானே இருக்கு!

— என் வீட்டு வாசல்ல ஒரு கழுதை நின்னா, நான்தான் பெத்தேன்னு எழுதிக் குடுக்கணுமா?

— சரி, ஒரு உத்தரவை நாலாயிரம் எழுத்துல எழுத இந்த ஆபீஸ்ல எந்தக் கிறுக்கன் இருக்கான்? சொல்லுங்க பார்ப்போம்!

— அதைத்தான் நானும் தேடறேன். ‘அழி’யை மட்டும் படிச்சீங்க. அந்த வரியை மொதல்லேருந்து, ருமியானா காதுல விழற மாதிரி படிங்க.

— படிக்கிறேன், எனக்கென்ன பயம்? ‘...இத்துடன் ரோஜா விழாவில் நான் ஆற்றிய உரை நிறைவடைகிறது. மும்முறை வெள்ளிப் பதக்கம் பெற்ற இயக்குநர் வெசெலின் கராஜோவ் ஆகிய நான் ஆணையிடுவது யாதெனில்... பட்டியல்...’

— ஏன் நிறுத்திட்டீங்க?

— எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு, கண்ணுக்குத் தெரியல.

— பேனாவைக் குடுங்க இயக்குநரய்யா. இப்பப் போடறேன் கையெழுத்து. ‘சாட்சி’ன்னு இருக்கே, அந்த இடத்துல.