கொழுந்துத் தராசில் என் மகள்

மாவட்டச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் அவர்களுக்கு,

இவ்வளவு பிந்திய இரவில் இதை எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள், மிஸ். நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காகத் தமிழில் எழுதித் தந்தால் சிங்களத்தில் மொழிபெயர்த்துப் பொலிசில் சேர்ப்பதாக வைத்தியசாலையில் நீங்கள் சொன்னீர்கள். பகலெல்லாம் வீட்டுக்கு ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். மகள் கண் அயர்ந்த பிறகுதான் உட்கார முடிந்தது. 

எனது பெயர் இராமசாமி கலைச்செல்வி. வயது முப்பத்திரண்டு. விலாசம் கிரிமல்கந்த தோட்டம், கீழ்ப்பிரிவு, கஹவத்தை. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து எங்கள் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குக் கற்பிக்கிறேன். கணவர் கஜேந்திரன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஷாமிளா, வயது பதின்மூன்று.

எங்கள் தோட்ட விளையாட்டுக் கழகத்தில் இந்த வருடம்தான் பெண் பிள்ளைகளுக்குக் கபடி தொடங்கினார்கள். கழகத் தலைவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சின்னத்தம்பி அவர்கள். பயிற்றுவிப்பதற்கு டவுனில் இருந்து தினேஷ் என்பவர் வந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். வரும் சனிக்கிழமை, அதாவது 2006 ஒக்டோபர் பதினான்காம் திகதி, இரத்தினபுரியில் நடக்கும் போட்டியில் நாற்பது கிலோவுக்குட்பட்ட பிரிவில் எங்கள் பிள்ளைகள் விளையாட இருந்தார்கள். அதில் நன்றாக விளையாடுகிறவர்களுக்குப் பெரிய பாடசாலையில் விடுதியோடு இடம் கிடைக்கும் என்று மாஸ்டர் சொன்னதால் பெற்றோர் எல்லோரும் மிகுந்த சந்தோஷத்தில் இருந்தோம்.

பயிற்சி தொடங்கிச் சில நாட்களில் தாய்மார் மைதானத்துக்கு வரக் கூடாது என்று மாஸ்டர் கட்டளை போட்டார். "அம்மாமார் பார்த்துக்கிட்டு நின்னா புள்ளைங்களுக்குக் கூச்சம் போகாது டீச்சர், முந்தானையப் புடிச்சுக்கிட்டே கபடி விளையாட ஏலாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். அதன் பின்னர் வீட்டுக்கு ஒரு படங்கு கொடுத்தனுப்பச் சொன்னார். படங்கு என்பது கொழுந்து எடுக்கிறவர்கள் மழைக்கும் தேயிலை வாதுக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த பொலித்தீன். ஈரத் தரையில் விரித்து உட்காருவதற்காக இருக்கும் என்று எண்ணி எல்லா வீடுகளிலும் கழுவிக் காயவைத்துக் கொடுத்தார்கள். நான் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி அனுப்பினேன்.

நோன்பு மாதம் தொடங்கியதும் ஷாமிளா வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். கேட்டதற்கு "ரஹ்மா நோன்பும்மா, அவளுக்கு முன்னால நாங்க குடிச்சா பாவம் இல்லையா, டீம்ல எல்லாரும் அவ கூட சேர்ந்து பிடிக்கிறோம்" என்றாள். ரஹ்மா என்பது தோட்டச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹலீம் நானாவின் மகள், அதே அணியில் விளையாடுகிறவள். அவர்கள் வழக்கில் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். எங்கள் பக்கத்தில் பெருநாளும் தீபாவளியும் இரண்டு வீட்டாருக்கும் பொதுவானவைதான் என்பதால் இது எனக்கு வினோதமாகப் படவில்லை. நான் கடைக்குப் போனபோது ரஹ்மாவின் தாய் றஸ்மியா தாத்தா, "ஒங்கட மகளும் நோன்பு புடிக்கிறாளாமே டீச்சர், இந்தப் பெருநாளைக்கு வட்டிலப்பம் ரெண்டு மடங்கு செய்யணும் போல ஈக்குது" என்று பகிடி பண்ணினார். சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஒற்றுமையா என்று நாங்கள் இரண்டு பேரும் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

மகளின் முகம் வாடியதும் உதடு வெடித்ததும் எனக்குத் தெரிந்தது. பொழுது பட்டதும் குடி என்று சொல்வேன். ரஹ்மா வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்பாள். நம்பினேன்.

கடந்த எட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்குத் துணி எடுக்க மகளைக் கஹவத்தைக்குக் கூட்டிப்போக நினைத்து, பகல் பஸ்ஸைப் பிடிப்பதற்காகப் பயிற்சி முடிவதற்கு முன்னரே மைதானத்துக்குப் போனேன். நல்ல வெயில். மைதானத்தில் ஒருவரும் இல்லை. அதன் பின்னர் பார்த்தபோது பிள்ளைகளின் செருப்புகள் சற்று மேலே கொழுந்து மடுவத்தின் வாசலில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. கொழுந்து மடுவம் என்பது தொழிலாளர்கள் பறித்த கொழுந்தை நிறுத்துக் கணக்கெடுக்கும் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை கிடையாது, பூட்டின் திறப்பு கணக்கப்பிள்ளையிடம்தான் இருக்கும். கதவு பாதி சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே நான் பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ரஹ்மாவும் இன்னும் மூன்று பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய உடம்பில் கழுத்திலிருந்து தொடை வரை தாய்மாரின் படங்கைச் சுற்றித் தும்புக் கயிற்றால் கட்டி, அதற்கு மேல் ஜேர்ஸி போட்டிருந்தார்கள். அந்த வெயிலில் அப்படியே ஓடிவிட்டு வந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் மடுவத்தில் இருப்பது கொக்கி வைத்த தொங்கு தராசு. அதில் ஏறி நிற்பதற்குத் தட்டு கிடையாது. கொழுந்து நிரப்பும் வலைச் சாக்கு ஒன்று அந்தக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாக்குக்குள் என் மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நாடி முழங்காலில் படும்படி குறுகி உட்கார்ந்திருந்தாள். வலைக் கண்ணிக்கு வெளியே அவளுடைய இடது காலின் பெருவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒரு கையால் சாக்கை ஆடாமல் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அவர் பதறவில்லை. "பயப்படாதீங்க டீச்சர், சாக்குக்குக் கழிச்சிட்டுத்தான் பார்க்கிறேன். இன்னும் அரைக் கிலோதான் கூட. சனிக்கிழமைக்குள்ள எறக்கிரலாம்" என்றார். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று கொஞ்சம் கழிப்பது இங்கே வழக்கம். நான் மகளின் எடையைத் தெரிந்துகொள்ள வந்ததாக அவர் நினைத்துவிட்டார்.

நான் சொன்னது ஒன்றுதான். "மாஸ்டர், அவ கண்ணத் தொறக்கல."

அதன் பின்னர் சாக்கை இறக்கினோம். வாயைக் கட்டியிருந்த கயிறு இறுகிவிட்டதால் ரஹ்மா கத்தி எடுத்து அறுத்தாள். மகளின் உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலக் கொதித்தது, ஆனால் தோல் காய்ந்திருந்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. ரஹ்மா ஓடிப்போய்ச் சொல்ல, ஹலீம் நானா த்ரீவீலைக் கொண்டுவந்தார். மாஸ்டர் எங்களோடு வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது மடுவத்துக்குள் பிள்ளைகள் கழற்றிப்போட்ட படங்குகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

வைத்தியசாலையில் சேலைன் ஏற்றினார்கள். வெகு நேரத்துக்குப் பிறகு மகள் கண் விழித்தாள். சுற்றிலும் பார்த்தாள், கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைனைப் பார்த்தாள், அழத் தொடங்கினாள். "அம்மா, இதக் கழட்டச் சொல்லுங்கம்மா. வெயிட் கூடிரும். மாஸ்டர் ஏசுவாரு" என்றாள். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிள்ளை எப்போதிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டார். சினேகிதியோடு சேர்ந்து நோன்பு பிடிக்கிறாள் என்று நான் சொன்னேன்.

அப்போது கட்டிலின் கால்மாட்டில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ரஹ்மா, "இல்ல டீச்சர், அது நோன்பு இல்ல" என்றாள். அதன் பின்னர் அவள் சொன்னதாவது: நாற்பது கிலோவுக்கு இறங்க வேண்டுமானால் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். வீட்டில் கேட்டால் ரஹ்மாவோடு நோன்பு என்று சொல்லுங்கள், ஒருவரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். எடை கூடியவள் படங்கைக் கட்டிக்கொண்டு தொழிற்சாலை மேட்டுக்கு ஓட வேண்டும். அதன் பிறகும் இறங்காவிட்டால் எடை பார்த்த சாக்கை இறக்காமல், மற்றவர்கள் ஓடிவிட்டு வரும்வரை அவளைத் தொங்கவிடுவார். வீட்டில் சொன்னவளுக்கு அணியில் இடமில்லை.

றஸ்மியா தாத்தா, "நீ நோன்பு தொறந்தது தானே? ஷாமிளா வீட்டுல கஞ்சி குடிச்சேன்னு தானே எனக்குச் சொன்ன?" என்று கேட்டார். ரஹ்மா தலையைக் குனிந்துகொண்டாள். என் மகள் எனக்கு ரஹ்மா வீடு என்றும், ரஹ்மா தன் தாய்க்கு எங்கள் வீடு என்றும் சொல்லியிருக்கிறார்கள்.  றஸ்மியா தாத்தா வார்ட் தரையில் அப்படியே உட்கார்ந்தார். "எங்கட நோன்பச் சாட்டியா அந்த ஆள் இதச் செஞ்சான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சாக்கா? என்ன சாக்கு?" என்று கேட்டார். கொழுந்துச் சாக்கு என்றேன்.  அவருடைய தாயும் அதே மடுவத்தில் கொழுந்து நிறுத்தவர்தான்.

நான் வைத்தியசாலையில் இருந்த நேரத்தில் கணக்கப்பிள்ளை சின்னத்தம்பி அவர்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போய், பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாமல் மடுவத்துக்குள் புகுந்து தராசில் ஊஞ்சல் ஆடியதாகவும், அதில் ஒரு பிள்ளை மயங்கியதாகவும் முறைப்பாடு பதிவு செய்துள்ளார். அங்கிருந்தவர்கள் அவர் சொன்னதைத்தான் எழுதியிருப்பார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது உண்மை அல்ல. திறப்பு இல்லாமல் பிள்ளைகள் உள்ளே போயிருக்க முடியாது. சாக்கின் வாயை உள்ளே இருக்கும் பிள்ளை வெளியிலிருந்து கட்டவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்று மாலை கணக்கப்பிள்ளை வந்தார். "டீச்சர், மாஸ்டர் கொஞ்சம் கடுமைதான், இல்லேங்கல. ஆனா தோட்டத்து லயத்துப் புள்ளைங்க வெளியில போறதுக்கு இது ஒரு கதவு. ஒங்க ஒருத்தரால அதச் சாத்திராதீங்க" என்றார். நான் திறப்பை யார் கொடுத்தது என்று கேட்டேன். "அது வேற கத" என்று எழும்பிவிட்டார்.

அதன் பின்னர் அன்று மடுவத்தில் நின்ற மற்ற மூன்று பிள்ளைகளின் வீடுகளுக்கும் போனேன். அவர்கள் சம்மதிக்காததால் பெயர்களை இங்கே எழுதவில்லை. மூன்று வீட்டாரும் சனிக்கிழமை பிள்ளைகளை மாஸ்டரோடு அனுப்பத்தான் போகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, மிஸ். ஒரு தாய் எனக்கு முகம் கழுவிக்கொள்ளத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நாங்க தெனம் ரெண்டு தரம் அந்தத் தராசுகிட்டதானே நிக்கிறோம் டீச்சர். எங்க புள்ளைங்க ஒரு நாள் நின்னா என்ன கொறஞ்சு போகுது? ஒரு தரம் செயிச்சிட்டா பொறகு அவ அந்தப் பக்கமே வரத் தேவையில்ல."  அவருடைய மகள் கதவு மூலையில் நின்றாள். நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்ததும் அதிலேயே கண் வைத்திருந்தாள். தாய் உள்ளே திரும்பியதும் விரலை அதில் நனைத்து உதட்டில் தடவிக்கொண்டாள். குடிக்கவில்லை.

ஹலீம் நானா ரஹ்மாவை அணியிலிருந்து நிறுத்திவிட்டார். ஆகவே என் மகளும் ரஹ்மாவும் போட்டிக்குப் போகப்போவதில்லை, அவர்களுக்குப் பதிலாக வேறு இரண்டு பிள்ளைகளை எடுத்திருக்கிறார்கள். அவர்களையும் நேற்றே மடுவத்துக்குக் கூட்டிப்போனதாக ரஹ்மா சொன்னாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் எழும்பி வந்தாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது எவ்வளவு வெயிட் இருக்கும்மா?" என்று கேட்டாள். பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடமே தந்தாள்.

மேலே எழுதியவற்றில் மடுவத்தில் நடந்ததும் வைத்தியசாலையில் நடந்ததும் வீடுகளில் கேட்டதும் நானே கண்டு கேட்டவை. மடுவத்தில் அதற்கு முந்திய நாட்களில் நடந்தவையும் நேற்று நடந்ததும் ரஹ்மா சொல்லி நான் அறிந்தவை, அவள் தன் பெற்றோர் முன்னிலையில் உங்களிடம் சொல்லச் சம்மதித்திருக்கிறாள். ஒருவரும் வற்புறுத்தாமல், என் சுயபுத்தியோடு, என் தாய்மொழியில் என் கையாலேயே எழுதி வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறேன். நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன்.

மற்றப் பிள்ளைகளை விசாரிக்கும்போது கணக்கப்பிள்ளை பக்கத்தில் இல்லாமல் விசாரியுங்கள். ஒரு டாக்டர் அவர்களைப் பார்க்க வேண்டும். பஸ் சனிக்கிழமை விடியற்காலை மடுவத்தடியில் இருந்து புறப்படுகிறது. கடிதத்தை நாளைக் காலை ஹலீம் நானா உங்கள் கையில் தருவார். அவர் அங்கேயே காத்திருப்பார், பதிலை அவரிடமே கொடுத்துவிடுங்கள், மிஸ்.

இரா. கலைச்செல்வி
2006.10.11